'இன்னும் ஒரே ஒரு மேட்ச்ம்மா!'

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஏதோ ஒரு வட்டம், ஏதோ ஒரு குவார்ட்டர்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரருக்கு இந்த வாரம் செகண்ட் ஷிப்ட். வீடு வந்து சேர ராத்திரி பத்தைத் தாண்டிவிடும். அவர் வரும் வரை ஹாலில் லைட் எரிந்தாக வேண்டும். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அம்மா டி.வி. முன்னால் கொட்டாவி விடுகிறார். பத்தாவது படிக்கும் பையன் மூலையில் தலையணையை முட்டுக் கொடுத்துக்கொண்டு, போனுக்குள் முகத்தைப் புதைத்திருக்கிறான்.

"டேய், மணி பத்தாகுது. போய்ப் படுடா!"

"இரும்மா... இன்னும் ஒரே ஒரு மேட்ச்."

"இதையேதானேடா ஒன்பது மணிக்கும் சொன்னே?"

"இல்லம்மா, இன்னும் கொஞ்சம்தான். பிளாட்டினம் வந்துடும். வந்ததும் வெச்சுடறேன். சத்தியமா!"

பிளாட்டினம் வந்துவிடும். அப்பாவும் வந்துவிடுவார். ஆனால் போன் மட்டும் கீழே இறங்காது. பிளாட்டினத்துக்கு அடுத்து டயமண்ட் இருக்கிறதே!

இது கற்பனை வீடுதான். ஆனாலும் 'நம்ம வீட்டுக்குள்ளே எட்டிப் பார்த்த மாதிரி எழுதியிருக்காங்களே' என்று சிலருக்குத் தோன்றலாம். இப்படிப்பட்ட வீடுகளில் அடுத்து வரும் வசனமும் எல்லோருக்கும் தெரியும். "கொழுப்பு! சொன்ன பேச்சு கேக்கறதே இல்ல" என்பார் அப்பா. "அவனுக்கு மனசுல உறுதியே இல்லைங்க" என்பார் அம்மா. கொஞ்ச நாளில் பையனும் தன்னைப் பற்றி அப்படியே நினைக்க ஆரம்பித்துவிடுவான். அதுதான் வேதனை.

கொழுப்பு, உறுதி, பிடிவாதம் எல்லாவற்றையும் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, அவன் கையில் இருக்கும் ஆட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போமா? அழகான படம், துப்பாக்கிச் சத்தம், நண்பர்களின் அரட்டை எல்லாம் மேல்பூச்சு. உள்ளே இரண்டு பொறிகள் இருக்கின்றன. பரிசு எப்போது வரும் என்று சொல்லாமல் வைத்திருப்பது ஒன்று. 'முன்னேறிக்கொண்டே இருக்கிறோம்' என்ற உணர்வை ஓயாமல் ஊட்டிக்கொண்டே இருப்பது இன்னொன்று.

மாத்திரை தீர்ந்துபோன சனிக்கிழமை

முதல் பொறியைக் கண்டுபிடித்தவர் விளையாட்டுக் கம்பெனிக்காரர் இல்லை. பி.எஃப். ஸ்கின்னர் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர். 1930-களில் எலியை ஒரு பெட்டிக்குள் விட்டு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் ஓர் உணவு உருண்டை விழும். அந்த உருண்டைகளை மருந்துக் கடைக்காரர்கள் மாத்திரை உருட்டுவது போல அவரே உட்கார்ந்து உருட்ட வேண்டும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் பார்த்தால், கையிருப்பு திங்கட்கிழமை வரை தாங்காது போலிருந்தது. 'ஒவ்வொரு தடவையும் ஏன் கொடுக்க வேண்டும்? நிமிஷத்துக்கு ஒன்று போதுமே' என்று குறைத்துவிட்டார்.

எலி சலித்துப்போய் மூலையில் படுத்துவிடும் என்றுதானே நினைப்போம்? இல்லை. அது பாட்டுக்குத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருந்தது!

அந்தச் சோம்பேறித்தனத்திலிருந்து ஒரு பெரிய ஆராய்ச்சியே கிளம்பியது. 1957-ல் ஃபெர்ஸ்டர் என்பவரோடு சேர்ந்து ஸ்கின்னர் வெளியிட்ட தடிமனான புத்தகத்தில் புறாக்கள் கொத்திய கொத்துகளின் கணக்குப் பக்கம் பக்கமாக இருக்கிறது. சுருக்கம் இதுதான்: எத்தனையாவது கொத்துக்குத் தீனி என்று தெரியாதபடி மாற்றி மாற்றிக் கொடுத்தால், புறா நிற்காமல் கொத்துகிறது. தீனியை அடியோடு நிறுத்திய பிறகும் வெகுநேரம் கொத்துகிறது. 'அடுத்ததில் வரலாம்' என்பதற்கு மறுப்பு ஏது?

சரி, மூளைக்குள் என்ன நடக்கிறது? உல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற விஞ்ஞானி 1990-களில் குரங்குகளை வைத்துப் பார்த்தார். குரங்குக்குச் சொட்டுச் சொட்டாகப் பழரசம். ஆரம்பத்தில், ரசம் நாக்கில் பட்டதும் டோபமைன் சுரக்கும் நரம்பு செல்கள் துள்ளின. ரசத்துக்கு முன்னால் ஓர் அடையாளத்தைக் காட்டிப் பழக்கிய பிறகு, அந்த அடையாளத்தைப் பார்த்ததுமே துள்ளின. ரசம் வந்தபோது சும்மா இருந்தன. வர வேண்டிய நேரத்தில் வராமல் போனால் சுருண்டு படுத்தன. ஆக, டோபமைன் இன்பத்தின் மருந்து என்று பலர் சொல்வது பாதிதான் சரி. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை எழுதி வைக்கும் கணக்குப்பிள்ளை அது. 2003-ல் ஷூல்ட்ஸும் கூட்டாளிகளும் இன்னொன்றையும் காட்டினார்கள். பரிசு நிச்சயம் வரும், நிச்சயம் வராது என்ற இரண்டு நிலைகளையும்விட, வரலாம், வராமலும் போகலாம் என்று பாதிக்குப் பாதியாக இருக்கும்போதுதான் காத்திருக்கும் அந்த நொடிகளில் இந்த செல்கள் மிக அதிகமாகக் கிளர்ந்திருந்தன.

பையன் திரையில் ஒரு பெட்டியைத் தொடுகிறான். அது உடனே திறப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? குலுங்கும், மினுங்கும், ஒளிக்கீற்று சுற்றும், அப்புறம்தான் திறக்கும். அந்த மூன்று வினாடித் தாமதம் போனின் கோளாறு இல்லை. வேண்டுமென்றே வைத்தது.

பையனைச் சிரிக்காதீர்கள். பால்காரருக்குப் போனில் பணம் அனுப்பியதும் வரும் சுரண்டல் அட்டையை விரலால் தேய்த்துப் பார்ப்பவர்கள் நாம். பத்தில் எட்டு தடவை 'அடுத்த முறை பார்க்கலாம்' என்று வந்தாலும், ஒன்பதாவதைத் தேய்க்காமல் விட்டிருக்கிறோமா?

பாட்டி ஆடிய ஆட்டம்

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்கப் பரமபதம் ஆடினோமே, அதில் என்ன திறமை வேண்டியிருந்தது? தாயக்கட்டை என்ன சொல்கிறதோ அதன்படி காய் நகரும். ஏணி வந்தால் ஏற்றம், பாம்பு வந்தால் இறக்கம். உச்சிக்கு இரண்டு கட்டம் இருக்கும்போது பெரிய பாம்பு வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கும். கீழே வந்து விழுந்தவரும் 'சே, இவ்வளவு கிட்டப் போயிட்டோமே' என்று மறுபடி கட்டையை உருட்டுவார். எதிர்பாராத ஏற்றமும் நூலிழையில் தவறுவதும் சேர்ந்தால் தூக்கம் அண்டாது என்பது ஸ்கின்னர் பிறப்பதற்கு முன்பே நம் பாட்டிகளுக்குத் தெரிந்திருக்கிறது! நூலிழையில் தவறும்போது, ஜெயித்தால் விழித்துக்கொள்கிற மூளைப் பகுதிகள் சில விழித்துக்கொள்கின்றன என்று 2009-ல் கேம்பிரிட்ஜில் ஸ்கேன் எடுத்தே காட்டினார்கள்.

ஆனால் பரமபதத்தில் மூன்று காவல்கள் இருந்தன. கண் விழிப்பது வருஷத்தில் ஒரு ராத்திரிக்குத்தான். காய் உச்சிக்குப் போனதும் ஆட்டம் முடிந்தது. ஏணியை யாரும் விலைக்கு விற்கவில்லை.

போனில் உள்ள ஆட்டத்தில் இந்த மூன்றும் கிடையாது. தினமும் உண்டு. முடிவே இல்லை. ஏணிக்கு விலை உண்டு.

விலை எப்படி வாங்குகிறார்கள் என்பது சுவாரஸ்யம். ரூபாயாகக் கேட்டால் அம்மாவுக்கு உறைக்கும். அதனால் முதலில் ரூபாயை வேறு நாணயமாக மாற்றச் சொல்வார்கள். ஃப்ரீ ஃபயர் ஆட்டத்தில் அது 'டயமண்ட்'. பி.ஜி.எம்.ஐ.யில் 'யூ.சி.'. இந்த நாணயத்தைப் போட்டுச் சக்கரத்தைச் சுழற்றலாம், பெட்டியைத் திறக்கலாம். உள்ளே துப்பாக்கிக்கு ஒரு பளபளப்பான உறையோ, ஆளுக்கு ஒரு சட்டையோ இருக்கும். பெரும்பாலும் யாரும் சீண்டாத சாமான்தான் வரும். ஜப்பானில் இந்த முறைக்கு 'காச்சா' என்று பெயர். காசு போட்டுத் திருகினால் ஏதோ ஒரு பொம்மை விழும் இயந்திரத்தின் பெயரிலிருந்து வந்தது.

இங்கே கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். உங்கள் பையனையே போடச் சொல்லுங்கள், சரியாகப் போடுவான். அரிய சாமான் கிடைக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். 'அப்போ நூறு தடவை இழுத்தா கட்டாயம் கிடைச்சுடும்' என்றுதான் பெரியவர்களே நினைப்பார்கள். கிடைக்காது. 100 பையன்கள் ஆளுக்கு 100 தடவை இழுத்தால், ஏறக்குறைய 37 பேர் வெறுங்கையோடுதான் எழுந்திருப்பார்கள். ஓர் இழுப்பு 20 ரூபாய் என்றால் அதற்குள் தலைக்கு 2,000 ரூபாய் போயிருக்கும். விடாமல் இன்னும் நூறு தடவை இழுத்தாலும் 13 பேருக்கு ஒன்றும் வந்திருக்காது. சக்கரத்துக்கு ஞாபக சக்தி இல்லை. போன தடவை ஏமாந்தவனுக்கு இந்தத் தடவை கொடுப்போம் என்று அது இரக்கப்படாது.

சில ஆட்டங்கள் அந்த இரக்கத்தையும் கணக்கோடு வைத்திருக்கின்றன. கென்ஷின் இம்பாக்ட் என்ற சீன ஆட்டத்தில் ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரம் ஓர் இழுப்பில் கிடைக்க வாய்ப்பு 0.6 சதவீதம்தான். 90-வது இழுப்புக்குள் ஏதேனும் ஒன்று உறுதி என்பது விதி. கேட்க நியாயமாக இருக்கிறதல்லவா? அறுபதில் நிற்கும் பையனை யோசித்துப் பாருங்கள். 'இவ்வளவு வந்தாச்சு, இப்போ விட்டா எல்லாம் வேஸ்ட்' என்று அந்த விதியே அவனைப் பிடித்துத் தள்ளும்.

நிரம்பிக்கொண்டே இருக்கும் பட்டை

இரண்டாவது பொறி இதைவிட நைஸானது. 2006-ல் ஜோசப் நியூன்ஸ், சேவியர் ட்ரேஸ் என்ற இருவர் அமெரிக்காவில் கார் கழுவும் நிலையம் ஒன்றில் செய்து பார்த்த வேடிக்கையைக் கேளுங்கள். ஒரு கூட்டத்துக்கு எட்டுக் கட்டம் போட்ட அட்டை. எட்டு தடவை கழுவி எட்டு முத்திரை வாங்கினால் அடுத்தது இலவசம். இன்னொரு கூட்டத்துக்குப் பத்துக் கட்டம், ஆனால் இரண்டில் முன்கூட்டியே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு கூட்டத்துக்கும் பாக்கி எட்டுதான். எட்டுக் கட்டத்தை முடித்தவர்கள் 19 சதவீதம். இரண்டு முத்திரை இனாமாகப் பெற்றவர்களில் 34 சதவீதம் பேர் முடித்துவிட்டார்கள்! 'பாதியில் விட்டுவிடக் கூடாது' என்ற நல்ல குணத்துக்குக் கிடைத்த தண்டனை இது.

ஆன்லைன் ஆட்டத்தில் நுழைந்த முதல் ஐந்து நிமிஷத்தில் பாருங்கள். லெவல் 1, லெவல் 2, லெவல் 3 என்று கடகடவென்று ஏற்றிவிடுவார்கள். வாழ்த்து, வாணவேடிக்கை, இனாம். அப்புறம் ஒவ்வொரு படியும் கொஞ்சம் கொஞ்சமாக நீளும். திரையில் ஒரு பட்டை எப்போதும் முக்கால்வாசி நிரம்பியே இருக்கும். ஒன்று நிரம்பினால் இன்னொன்று. இன்றைக்கு உள்ளே வந்ததற்கு ஒரு முத்திரை, ஏழு நாள் விடாமல் வந்தால் ஒரு பெட்டி. ஒரு நாள் தவறினால் வரிசை அறுந்துவிடும். இதற்காகவே காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளைகள்கூட எழுந்து உட்கார்ந்து ஒரு தடவை தட்டிவிட்டுப் படுப்பதுண்டு.

எல்லாவற்றையும்விடக் கொடுமை ஒன்று உண்டு. பெரும்பாடுபட்டு ஏறிய பிளாட்டினமும் டயமண்டும் நிரந்தரமில்லை. சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ ஒரு 'சீசன்'. அது முடிந்ததும் எல்லோரையும் சில படிகள் இறக்கிவிட்டு, 'மறுபடி ஏறுங்கள்' என்பார்கள். அதாவது, அந்தப் பெரிய பாம்பு காலண்டர் பார்த்து வருகிறது!

பையனுடைய திறமை கூடவே இல்லையா என்று கேட்கலாம். கூடுகிறது. குறி பார்ப்பதிலும், நாலு பேரோடு சேர்ந்து திட்டம் போடுவதிலும் நிஜமாகவே தேறுகிறான். அதை அலட்சியமாகப் பேசினால் அவனோடு உள்ள பேச்சுவார்த்தை அங்கேயே முறிந்துவிடும். கேரம் போர்டிலும் செஸ்ஸிலும் வரும் தேர்ச்சி போன்றதுதான் அது. ஆனால் திரையில் ஏறும் எண்ணில் எவ்வளவு திறமையால் ஏறியது, எவ்வளவு வெறும் நேரத்தால் ஏறியது, எவ்வளவு காசால் வாங்கியது என்று பிரித்துக் காட்டவே மாட்டார்கள். மூன்றையும் ஒரே பட்டையில் கலந்துவிடுவதில்தான் சூட்சுமம்.

நெய்வேலிக்காரர்களுக்கு நிஜமான முன்னேற்றம் எப்படி இருக்கும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்ட்டில். நாலு வருஷத்துக்கு மேல் வெறும் மண்! ஊற்றெடுத்து மேலே பீறிடும் தண்ணீரை ராப்பகலாக இறைத்துக்கொண்டு, மண்ணை வெட்டி வெட்டி அப்பால் கொட்டினார்கள். இன்றைக்கும் ஒரு டன் கரிக்கு அதைப் போல் பல மடங்கு மண்ணை அகற்றித்தான் ஆக வேண்டும். அந்த நாலு வருஷத்தில் எந்தப் பட்டையும் நிரம்பவில்லை, மணியும் அடிக்கவில்லை. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகமும் அந்த ஜாதிதான். மூன்று மாதம் மண்ணாகவே வரும். நிமிஷத்துக்கு ஒரு வாணவேடிக்கை பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அதன் முன்னால் பத்து நிமிஷம் உட்காருவதே தண்டனையாக இருப்பதில் என்ன ஆச்சரியம்?

ஷிப்ட் வீடும் தூக்கமும்

இனி உடம்புக்கு வருவோம். கண், கழுத்து, கட்டைவிரல் வலி எல்லாம் உண்டு. ஆனால் முதலில் அடிபடுவது தூக்கம். பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ராத்திரி 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும். பன்னிரண்டுக்குப் படுத்து ஆறுக்கு எழுந்தால் ஆறு மணிதான். தினம் இரண்டு மணி நேரக் கடன். திங்கள் முதல் வெள்ளி வரை பத்து மணி நேரம், அதாவது ஒரு முழு ராத்திரியே காணாமல் போகிறது! வகுப்பில் கண் சொக்கும், படித்தது நிற்காது, தொட்டதற்கெல்லாம் எரிச்சல் வரும். 'போன் பாத்துப் பாத்து குணமே மாறிப்போச்சு' என்று நாம் சொல்வதில் பாதி தூக்கமின்மைதான். திரையின் வெளிச்சத்தைக் காரணமாகச் சொல்வார்கள். ஆனால் கடைசி ஆள் வரை போராடிவிட்டுப் படபடக்கும் நெஞ்சோடு படுத்தால் எந்த இருட்டிலும் தூக்கம் வராது.

சுரங்கம், தர்மல் என்று மூன்று ஷிப்ட் ஓடும் ஊரில் இதற்கு ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. வீட்டுக்கு ஒரே படுக்கை நேரம் என்பது கிடையாது. அப்பாவுக்கு நைட் ஷிப்ட் என்றால், பகலில் அவர் தூங்க வீடே ஊமையாக இருக்க வேண்டும். பிள்ளைகளைச் சத்தம் போடாமல் உட்கார வைக்கக் கையில் கொடுப்பது எதை? போனைத்தான்! செகண்ட் ஷிப்ட் வாரத்தில் எல்லோரும் பதினொன்று வரை விழித்திருக்கிறார்கள். யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் அப்பாவின் ஷிப்ட் மாறினாலும் பிள்ளையின் படுக்கை நேரம் மாறக் கூடாது என்று ஒரு விதி வைத்தே ஆக வேண்டும். ஹாலில் லைட் எரியட்டும். அவன் அறை பத்து மணிக்கு இருட்டட்டும். போன் ஹாலில் தூங்கட்டும். அப்பாவின் போனும்தான்.

அப்பாவின் போன் என்றதும் ஒரு விஷயம். தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியை ஒழித்தார்கள். அது ரம்மியாக மாறிப் போனுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கடன் கழுத்தை நெரித்துக் குடும்பங்கள் சிதைந்த செய்திகள் வந்தபடி இருந்தன. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022-ல் அவசரச் சட்டம், 2023 ஏப்ரலில் கவர்னர் ஒப்புதலோடு முழுச் சட்டம். அந்த வருஷம் நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றாலும், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று விலக்கிவிட்டது. 2025-ல் தமிழக ஆணையம் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடை போட்டது. காசைவிடத் தூக்கத்தைக் காப்பாற்ற வந்த விதி அது. உயர் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. அதே வருஷம் ஆகஸ்ட்டில் பார்லிமெண்ட் மொத்தமாகப் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கே தடைச் சட்டம் போட்டுவிட்டது. பெரிய கம்பெனிகள் கடையைக் கட்டின. கள்ளத்தனமாக வெளிநாட்டிலிருந்து வரும் செயலிகள் பற்றி எச்சரிக்கையாக இருங்கள். சொசைட்டி லோனும் பி.எஃப். பணமும் கரைந்த பிறகுதான் பல வீடுகளில் மனைவிக்கே தெரிய வருகிறது.

அந்தச் சட்டம் குறி வைத்தது பணத்தைக் கட்டிப் பணத்தை எடுக்கும் ஆட்டங்களை. உங்கள் பையன் திறக்கும் பெட்டியிலிருந்து பணம் வராது, சட்டைதான் வரும். பெல்ஜியம் 2018-லேயே காசுக்கு விற்கும் இந்தப் பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்தது. சீனா 2017 முதல் வாய்ப்பு சதவீதத்தை வெளியிட வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. நம் வீட்டில் காவல் நாம்தான். தடையை நம்பி உட்கார முடியாது. 2020 செப்டம்பரில் பப்ஜிக்குத் தடை வந்தது. தடைக்குச் சொன்ன காரணம் தேசப் பாதுகாப்பு, பிள்ளைகளின் தூக்கம் இல்லை. 2021 ஜூலையில் அதுவே இன்னொரு பெயரில் திரும்பி வந்துவிட்டது.

என்ன செய்யலாம்?

முதல் வேலை காசு வாசலை அடைப்பது. உங்கள் யூ.பி.ஐ. ரகசிய எண் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். செயலிக் கடையில் கார்டு எண்ணைச் சேமித்து வைத்திருந்தால் நீக்குங்கள். ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றலாம். அங்கேயே இதுவரை வாங்கியவற்றின் பட்டியலும் இருக்கும். அதைப் பார்க்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். சின்னச் சின்னதாக 80, 160 என்றுதான் இருக்கும். கூட்டிப் பார்த்தால்தான் பகீரென்கும். பணம் மோசடியாகப் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே புகார் சொல்லலாம்.

அடுத்தது, ஆட்டத்தின் நடுவில் போனைப் பிடுங்காதீர்கள். கூடவே மூன்று பேர் ஆடிக்கொண்டிருப்பார்கள். பாதியில் போனால் அவர்கள் முன்னால் இவனுக்கு அவமானம், அடுத்த நாள் ஸ்கூலிலும் கேலி. 'ஒரு மணி நேரம்' என்று பேசுவதைவிட 'ரெண்டு மேட்ச்' என்று பேசிக்கொள்வது நடக்கிற காரியம். ஒரு மேட்ச் எவ்வளவு நேரம் என்பதை முதலில் அவனிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தினசரி இனாம், சீசன் முடிகிறது என்று கூவிக் கூவி அழைக்கும் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். இது ஒன்றுக்கே நல்ல பலன் உண்டு.

பொறியைப் பையனுக்கே திறந்து காட்டலாம். பல ஆட்டங்களில் பெட்டியின் மூலையில் ஒரு சின்னக் குறியைத் தட்டினால் வாய்ப்பு சதவீதம் வரும்.

"இதுல என்னப்பா போட்டிருக்கு?"

"ஒரு பர்சன்ட்."

"அப்படின்னா நூறு தடவை இழுத்தும் கிடைக்காம போக எவ்வளவு சான்ஸ்? நீதான் கணக்குல புலியாச்சே, போட்டுச் சொல்லேன்."

பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு உபதேசம் பிடிக்காது. தன்னை யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்தால் மட்டும் ரோஷம் வரும். அந்த ரோஷத்தை நம் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

அடித்துப் போனை உடைத்த வீடுகளில் என்ன நடந்தது என்பதையும் செய்தித்தாளில் படித்திருக்கிறோம். நிறுத்திய முதல் சில நாட்கள் எரிச்சலும் கோபமும் இருக்கும். ஆனால் 'போன் தரலைன்னா செத்துடுவேன்' என்று ஒரு பிள்ளை சொன்னால் அது மிரட்டலா, நிஜமா என்று ஆராய்ந்துகொண்டிருக்காதீர்கள். தனியே விடாமல் உடனே டாக்டரிடம் போங்கள்.

நிறைய நேரம் விளையாடுகிற எல்லோரும் நோயாளிகள் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்டு 2022 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் 'விளையாட்டுக் கோளாறு' சேர்ந்திருக்கிறது. அதற்கு அவர்கள் பார்ப்பது மணிக் கணக்கை அல்ல. நிறுத்த நினைத்தும் முடியவில்லையா, மற்ற எல்லாவற்றையும் ஆட்டம் பின்னுக்குத் தள்ளிவிட்டதா, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் தொடர்கிறதா என்று பார்க்கிறார்கள். அதுவும் சாதாரணமாக ஒரு வருஷமாவது நீடித்திருக்க வேண்டும். நிலைமை கடுமையாக இருந்தால் அதற்கு முன்பே கண்டுகொள்வார்கள். சில பிள்ளைகளுக்கு ஆட்டம் நோயாக இல்லாமல், வேறு ஒன்றின் அறிகுறியாக இருக்கும். மனச்சோர்வு, கவனக்குறைவு, வகுப்பில் யாரோ படுத்தும் பாடு, அப்பா அம்மா சண்டை... நிஜ வாழ்க்கையில் எந்தப் பட்டையும் நிரம்பாதவனுக்குத் திரையில் நிரம்பும் பட்டை பெரிய ஆறுதல். இதைப் பிரித்துப் பார்க்க மனநல மருத்துவர் வேண்டும்.

பெங்களூர் நிம்ஹான்ஸில் 2014 முதல் இதற்கென்றே தனி கிளினிக் நடக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நெய்வேலிக்காரர்களுக்குப் பாண்டிச்சேரி ஜிப்மரில் மனநலப் பிரிவு பக்கத்தில்தான். வீட்டிலிருந்தே பேச 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். பையன் வரமாட்டேன் என்றால் முதல் தடவை நீங்கள் மட்டும் போங்கள். போகும்போது இரண்டு வாரக் குறிப்பு ஒன்றை எழுதி எடுத்துப் போனால் டாக்டருக்கு உபயோகமாக இருக்கும். எத்தனை மணிக்குப் படுத்தான், எத்தனை மணிக்கு எழுந்தான், எவ்வளவு செலவாயிற்று, எந்த நாளில் அதிகம் ஆடினான் என்று. அந்த வாரம் அப்பாவுக்கு எந்த ஷிப்ட் என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.